பக்கத்தில் பறக்கப் பழகுதல்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வீட்டு வாடகை, குளிர்காலச் சப்பாத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவம் என்றுதான் எழுதி வருகின்றோம். இம்முறை ஒரு விளையாட்டுச் சாமான் பற்றி எழுதப் போகின்றோம். சிரிக்க வேண்டாம். இந்த விளையாட்டால் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பிறகு பல வருடங்களாகப் பேசாத ஒரு விடயத்தைப் பேசவும் வைத்தது.

நாங்கள் இரண்டு பேரும் தொழிற்சாலை வேலை. ஒருவர் காலை சிப்ற், மற்றவர் பின்னேர சிப்ற். படிப்பு ஓ.எல். வரைக்கும்தான், அதற்கு மேல் படிக்க சண்டை விடவில்லை. கொம்பியூட்டர் பற்றி எழுத இவைக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் மெசினோடு மல்லுக்கட்டுவது எங்களுக்குப் பழக்கம். அந்த அனுபவம்தான் கைகொடுத்தது.

எங்கள் மூத்தவனுக்கு வயது 12. அவனுடைய பெரியப்பா குடும்பம் ரொரன்ரோவில், ஸ்காபரோ பக்கம். பெரியப்பாவின் மகனுக்கு 15. இரண்டு பேரும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு தடவைதான். ஆனால் சனிக்கிழமை என்றால் கொம்பியூட்டரில் சேர்ந்து விமானம் ஓட்டுவார்கள். மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேற்றர்தான் அது. முழு உலகமும் அதற்குள் இருக்கின்றது. செய்மதிப் படங்களை விரித்து, அதன் மேல் மலையையும் மரத்தையும் வீட்டையும் எழுப்பி வைத்திருக்கின்றார்கள். அண்ணன் அங்கிருந்து ஒரு விமானத்தில் ஏற, தம்பி இங்கிருந்து இன்னொன்றில் ஏற, இரண்டும் ஒரே வானத்தில் நிற்கும். காதில் மாட்டும் கருவியில் கதைத்துக்கொள்வார்கள். வசதி குறைந்தவர்களுக்கு ஃப்ளைட்கியர் என்று இலவசமாகவே ஒன்று இருக்கின்றது. 1997 முதல் பலர் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்து வருவது. பழைய கொம்பியூட்டரிலும் ஓரளவு ஓடும்.

தொடக்கத்தில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிள்ளை வீதியில் திரியாமல் சொந்தக்காரப் பிள்ளையோடு, அதுவும் அரைவாசித் தமிழில், கதைக்கின்றானே என்று. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவன் சத்தத்தைக் கூட்டி வைத்து ஓடிக்கொண்டிருந்தான். நாங்கள் குசினியில். எட்டிப் பார்த்தால் திரையில் பலாலி. அங்கிருந்து கிளம்பி இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வன்னிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

மலேசியாவில் ஐந்து வருடம் காத்திருந்து, ஐ.நா. அகதிப் பதிவால் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பிரிட்ஜ்வாட்டருக்கு வந்த முதல் கோடையில் நடந்ததை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. எங்களுக்கு மேற்கே ரீடிங்டனில் சோல்பேர்க் என்றொரு சிறிய விமான நிலையம் இருக்கின்றது. காலநிலை நல்லாயிருந்தால் சனி, ஞாயிறில் சின்ன விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் போகும். முதல் தடவை அந்த இரைச்சல் கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கால் தானாகப் போனது. அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த மூத்தவன், ஒளித்துப் பிடித்து விளையாடுகின்றோமாக்கும் என்று எங்களைக் கண்டுபிடித்துக் கை தட்டினான்.

வன்னியில் இருந்து வந்த வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிபிர் பெரும்பாலும் இரண்டாகத்தான் வரும். ஒன்று போய்விட்டது என்று பங்கரை விட்டுத் தலையைத் தூக்கக் கூடாது. மற்றது பின்னால் நிற்கும். அந்தக் கணக்கைப் பழகிய உடம்பு இது. இரண்டு விமானம் சேர்ந்து பறப்பது இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி. அட்லாண்டிக் சிற்றிக் கடற்கரையில் பல வருடங்கள் ஆகஸ்ட் மாதத்தில் அப்படியொரு காட்சி நடந்து, சனம் குடையும் கதிரையும் கொண்டுபோய்ப் பார்த்தது. எங்களுக்கு அது வேறு.

ஆகவே அன்றைக்கு எங்களில் ஒருவர் போய்க் கொம்பியூட்டர் வயரைக் கழற்றிவிட்டார். விளக்கம் சொல்லவில்லை. பிள்ளை அழுதான். இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்காபரோவிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார். "பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியாமலே வளரட்டும் எண்டு விடுறதெண்டால் விளையாட விடுங்கோ. விடேலாதெண்டால் ஏனெண்டு சொல்லுங்கோ. ரெண்டுமில்லாமல் வயரைப் புடுங்கினால் என்ன அர்த்தம்?" என்றார். மூத்தவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

அன்றிரவு அவனைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னோம். எல்லாவற்றையும் சொல்லவில்லை. பங்கர் என்றால் என்ன, மாடிப்படிக்குக் கீழே ஏன் நின்றோம், இரண்டு விமானம் என்றால் எங்களுக்கு என்ன என்பது வரைக்கும். அவன் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாங்கள் வேற இடத்தில ஓடுறம். சத்தத்தைக் குறைக்கிறன்," என்றான். பிறகு மெல்ல, "ஆனா எனக்கு அண்ணாக்குப் பக்கத்தில நிக்கவே ஏலாமக் கிடக்கு. ஜொய்ஸ்ரிக் சரியில்லை," என்றான்.

அந்த ஜொய்ஸ்ரிக்கை ஒரு கராஜ் விற்பனையில் 10 டொலருக்கு வாங்கினோம். நாங்களும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அண்ணனின் விமானம் முன்னால் நேராகப் போகின்றது. எங்கள் பிள்ளையின் விமானம் மேலே எழும்பி, கீழே விழுந்து, வலப்பக்கம் ஓடி, இடப்பக்கம் ஓடி, வெறிகாரன் சைக்கிள் ஓடினது போலப் போகின்றது. திறமைக் குறைவு என்று அவன் நினைத்தான். எங்களுக்கு அப்படிப் படவில்லை. கையைத் தொடாமல் விட்டிருக்கும்போதும் விமானம் மெல்ல நடுங்கியது.

வேலையில் பெல்ற் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதற்குள் கரிப் பூச்சுப் பூசிய ஒரு தடம். அதன் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். அதிகம் பாவிக்கும் இடத்தில் தடம் தேயும். தேய்ந்த இடத்தில் நாக்கு நின்றால் வேகம் துள்ளும். பழைய ஜொய்ஸ்ரிக்குக்குள்ளும் இதே சாமான்தான் இருக்கின்றது. அது அதிகம் நிற்கும் இடம் நடு. ஆகவே தேய்வதும் நடு. புதிதாக வரும் சிலவற்றில் உரசல் இல்லாமல் காந்தத்தால் அளக்கின்றார்கள். அவை தேய்வதில்லை, விலைதான் கூட. விண்டோசில் 'கேம் கொன்ட்ரோலர்' என்று தேடித் திறந்தால் ஒரு சதுரத்துக்குள் ஒரு சிறிய சிலுவை தெரியும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். சிலுவை அசையாமல் நின்றால் சாமான் நல்லது. எங்களுடையது காய்ச்சல்காரன் போல நடுங்கியது.

இதற்கு மருந்தாக 'டெட் சோன்' என்ற ஒன்று இருக்கின்றது. செத்த இடம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இவ்வளவு தூரம் கை அசைந்தாலும் அசையாதது போலக் கணக்கெடு என்று கொம்பியூட்டருக்குச் சொல்வது. மகன் யாரோ சொன்னதைக் கேட்டு அதை 15 சதவீதத்தில் வைத்திருந்தான். நடுக்கம் நின்றது உண்மை. ஆனால் பக்கத்தில் பறப்பது அதனாலேயே முடியாமல் போனது.

ஊரில் பழைய உழவு மெசின் ஓடியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஸ்ரியறிங்கில் 'பிளே' இருந்தால், கொஞ்சம் திருப்ப ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்ப ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பிடித்து இழுக்கும். வயலுக்குள் பரவாயில்லை. குளக்கட்டில் அப்படியொரு மெசினை ஓட்டிப் பாருங்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் பறப்பது குளக்கட்டில் ஓடுவது. அங்கே தேவைப்படும் அசைவெல்லாம் மிகச் சின்னவை. நடுவிலேதான், அங்குமிங்கும் மயிரிழை. அந்த நடுவையே செத்த இடமாக்கி வைத்தால் எப்படி ஓடுவது? ஆகவே சிலுவை எவ்வளவு நடுங்குகின்றதோ அதைவிட ஒரு சொட்டுக் கூடுதலாக மட்டும் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்து 4 சதவீதத்தில் நிறுத்தினோம்.

அடுத்தது 'சென்சிற்றிவிற்றி' எனப்படும் வளைவு. கை அசைவுக்கும் விமானத்தின் அசைவுக்கும் இடையில் ஒரு கோடு. நேர்கோடாக இருந்தால் கை பத்துப் பங்கு அசைய விமானத்தின் சுக்கானும் பத்துப் பங்கு அசையும். கோட்டை வளைத்தால் நடுப்பகுதி மெதுவாகும். வழக்கமான ஒரு கணக்கில் 30 சதவீதம் வளைத்தால், கையை 10 பங்கு அசைக்க 7 பங்குதான் போகும். பாதி தூரம் அசைக்க ஏறக்குறைய 39 பங்கு. முழுதாக இழுத்தால் முழுதும் கிடைக்கும். (மென்பொருளுக்கு மென்பொருள் இந்தக் கணக்குச் சற்று மாறும்.) எங்கள் சிமுலேற்றரில் இதைக் கழித்தல் அடையாளத்தோடு போட வேண்டும், நாங்கள் வைத்தது கழித்தல் 30. ஆனால் இனாமாக ஒன்றும் கிடைக்காது. நடுவில் மிச்சம் பிடித்ததை ஓரத்தில் கொடுத்தேயாக வேண்டும். பாதிக்கு மேல் கை போனால் விமானம் முன்னையை விட வேகமாகத் துள்ளும். மகன் ஆசைப்பட்டுக் கழித்தல் 70 வரை இறக்கினான். நடு வெண்ணெய் மாதிரி இருந்தது. சற்றுக் கூட இழுத்தவுடன் அண்ணனின் வாலில் போய் முட்டினான். திரும்ப 30க்கு வந்தோம்.

பிறகு கொம்பியூட்டருக்கு வெளியே பார்த்தோம். ஜொய்ஸ்ரிக்கின் அடி மேசையில் வழுக்கியது. அடியில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு வெட்டி ஒட்டினோம். மேசையின் உயரமும் கூடிவிட்டது. முழங்கை அந்தரத்தில் நின்றது. முன்கை தொடையில் ஊன்றி, மணிக்கட்டு மட்டும் அசையக்கூடியதாக ஒரு பலகையில் கீழே இறக்கி வைத்தோம். உண்மையைச் சொன்னால், வளைவு செய்ததை விட இந்த ரியூப் துண்டும் பலகையும்தான் கூட உதவி செய்தன.

இவ்வளவும் செய்தும் அவன் முன்னுக்கும் பின்னுக்கும் ஊசலாடிக்கொண்டே இருந்தான். இது ஜொய்ஸ்ரிக்கின் பிழையில்லை, எஞ்சின் பிடியின் விடயம். ஒரு கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டினோம். அண்ணனைவிட ஒரு நொட் வேகம் கூட என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 மீற்றர் முன்னுக்குப் போவாய். ஐந்து நொட் கூட என்றால் நான்கு செக்கனில் 10 மீற்றர், அதாவது ஒரு விமான நீளத்துக்கு மேல். வேகமானியில் ஐந்து என்பது ஊசி ஒரு நூல் நகர்வது. ஆகவே வேகமானியைப் பார்க்காதே, அண்ணாவைப் பார். அவனுடைய இறக்கை நுனி அவனுடைய உடம்பில் எந்த இடத்தோடு பொருந்துகின்றது என்று ஒரு அடையாளம் பிடி. அது விலகத் தொடங்கும்போதே திருத்து, விலகி முடிந்த பிறகு அல்ல. பின்னுக்குப் போனால் எஞ்சினைச் சற்றுக் கூட்டு; நகரத் தொடங்கியதும், நீ இன்னும் போய்ச் சேராதபோதே, கூட்டியதில் ஒரு பங்கைத் திருப்பி எடு. எஞ்சின் பிந்தித்தான் கேட்கும். வேலையில் புதிதாக வந்தவன் பெல்ற்றைக் கூட்டிவிட்டு, பெட்டி வந்து குவிந்த பிறகு குறைப்பான். பழையவன் பெட்டி வரும் முன்னமே குறைத்துவிடுவான். அதே சங்கதிதான்.

விமானத்தையும் மாற்றினார்கள். செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேல். சற்றுக் கீழே நின்று பறந்தால் சொந்த இறக்கையே அண்ணனை மறைத்துவிடும். இறக்கை கீழே உள்ள டயமன்ட் டிஏ40 எடுத்தார்கள். கண்ணாடி கூடு, எல்லாப் பக்கமும் தெரியும்.

இந்த நாட்டு விமானச் சட்டத்தில் ஒரு விதி இருப்பதை மகன் வாசித்துச் சொன்னான். முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளாமல் ஒரு விமானி இன்னொருவரோடு சேர்ந்து பறக்கக் கூடாது. காசுக்கு ஆள் ஏற்றிக்கொண்டும் அப்படிப் பறக்கக் கூடாது. அதன் பிறகு இவர்களும் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பேசிக்கொள்கின்றார்கள்: யார் முன்னுக்கு, எந்த உயரம், பிரிவதென்றால் யார் எந்தப் பக்கம். அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் அணி 18 அங்குல இடைவெளி வரை நெருங்கிப் பறக்கின்றது. இந்திய விமானப்படையின் சூர்யகிரண் அணி 1996 இல் தொடங்கியது. 2024 ஒக்ரோபர் 6 இல் சென்னை மெரினாவில் பறந்ததைப் பார்க்க லட்சக்கணக்கில் சனம் கூடியது. அவர்களும் ஒவ்வொரு பறப்புக்கும் முன் தரையில் கூடிப் பேசித்தான் ஏறுகின்றார்களாம். எங்கள் பையன்களுக்கு அதில் பெரிய பெருமை.

சிமுலேற்றர் என்றால் பிள்ளைகளின் சாமான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். அதைத் தொடக்கியவர் தொழிற்சாலைக்காரர். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரனில் எட்வின் லிங் என்பவரின் தகப்பனுக்குப் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை. மகனுக்கு விமானம் ஓடப் பழக ஆசை. பாடத்துக்குக் காசு கூட. ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை எடுத்து, ஒரு பெட்டி விமானத்தின் கீழே பூட்டி, தரையில் இருந்தபடியே சரியவும் எழும்பவும் செய்தார். அது 1929. முதலில் பொருட்காட்சிகளில் காசு போட்டு ஏறும் சாமானாகத்தான் போனது. 1934 இல் தபால் கொண்டுபோன இராணுவ விமானிகள் மோசமான காலநிலையில் பலர் இறந்த பிறகுதான் இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. துருத்தி வேலை தெரிந்தவர் விமானம் செய்தார் என்பதை வாசித்தபோது, ரியூப் வெட்டி ஒட்டிய எங்களுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

வந்து கொஞ்ச நாளான குடும்பங்களுக்கு இடையில் ஒன்று. விமான இரைச்சல், யூலை 4 வாணவேடிக்கை இரண்டுக்கும் உடம்பு பதறினால் வெட்கப்பட வேண்டாம். முன்கூட்டியே நாளைத் தெரிந்து வைத்திருங்கள். சோல்பேர்க்கில் யூலை மாதத்தில் பலூன் விழா நடக்கும். அது சின்னப் பிள்ளைகளுக்கு வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பழக்க நல்லது. நாங்கள் அங்கிருந்துதான் தொடங்கினோம்.

போன மாதம் மகன் வந்து கேட்டான். "பலாலியிலயிருந்து ஒருக்கா ஓடட்டோ? நீங்கள் வேண்டாமெண்டால் ஓடேல்லை." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பலாலியில் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்து, சென்னையிலிருந்து பயணிகள் விமானமும் வந்துபோயிற்று. அது இப்போது சனம் பெட்டியோடு இறங்கும் இடமும்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். சரி என்றோம். சத்தத்தை நாங்களே ஒரு அளவில் வைத்தோம்.

ஸ்காபரோவில் அண்ணையும் மகனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டோம். இரண்டு டயமன்டும் கிளம்பின. அண்ணன் முன்னுக்கு, தம்பி அவனுடைய இடப்பக்கம், சற்றுப் பின்னுக்கு, சற்றுக் கீழே. நீரேரி வெள்ளையாக வந்தது. ஆனையிறவு வந்தது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் இரணைமடு. செய்மதிப் படம்தானே, வீடு எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல, மரமெல்லாம் ஒரே மரம் போல. ஆனால் குளத்தின் கரை அப்படியே இருந்தது. அந்த வளைவை எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளை விலகவேயில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்தோம்: ஏழு நிமிடம் அண்ணனின் பக்கத்திலேயே நின்றான். முன்பு ஏழு செக்கன் நின்றதில்லை.

ஸ்பீக்கரில் அண்ணையின் குரல் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது. "தம்பி, உதிலதான்ரா எங்கட வளவு. வாய்க்காலுக்கு அங்கால. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, பாப்பம்."

மகன் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பெரியப்பா, நான் திரும்பேலாது. அண்ணாதான் முன்னுக்கு. அவர் திரும்பினால்தான் நான் திரும்பலாம்."

அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு முன்னால் போன விமானத்தின் வலது இறக்கை மெல்ல எழும்பியது.